கழுத்துத் துண்டு மார்க்

எழுதுவது என் வேலை இல்லை. எட்டாம் வகுப்போடு பனியன் கம்பெனிக்குப் போனவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் யாராவது பெயரைக் கேட்டால்கூட எனக்குக் குரல் எழும்பாது. அப்படிப்பட்டவள் லோகோவைப் பற்றி எழுத வந்ததைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் மகள் படிக்கும் கல்லூரியில் லோகோ வளர்ந்த கதை என்று ஒரு பாடம் இருக்கிறது. அதிலுள்ள படங்களை எனக்குக் காட்டினாள். எல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிகள். நிறையப் படமாக இருந்தது போகப் போக ஒரே கோடாகச் சுருங்கியதை வரிசையாகப் போட்டிருந்தார்கள். எங்கள் சின்ன முதலாளியம்மா செய்ததும் இதைத்தானே என்று தோன்றியது. அதன் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எண்பதுகளில் எங்களுக்கு லோகோ என்ற சொல் தெரியாது. மார்க் என்போம். எங்கள் கம்பெனிக்கு ஜோடி மைனா மார்க். பெட்டியின் மூடி முழுக்கப் படம்தான். பின்னால் மலை, அதன் மேல் நீல வானம், முன்னால் இரண்டு மைனாக்கள் ஒரே சோளக்கதிரை ஆளுக்கொரு முனையில் கவ்விக்கொண்டிருக்கும். இறகுக்கு இறகு நிழல் போட்டு, காலண்டர் படம் மாதிரி சிவகாசியிலிருந்து அச்சடித்து வரும். கிராமத்துக் கடைகளில் யாரும் கம்பெனிப் பெயரைப் படிக்க மாட்டார்கள். “மைனா போட்டது குடுங்க” என்றுதான் கேட்பார்கள். அந்தப் படத்தை மூடியில் ஒட்டுவது பேக்கிங்கில் என் வேலை.

கம்பெனி அண்ணன் தம்பி இருவருடையது. தொண்ணூறு பிறந்த சமயம் அவர்கள் பாகம் பிரித்தார்கள். தையல் மெஷின்களைப் பிரித்தார்கள், ஷெட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பினார்கள். நான் தம்பியான சின்ன முதலாளி பக்கம் வந்தேன். மார்க்கில் வந்து பேச்சு நின்றுவிட்டது. இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் சமாதானம் பேச வந்த சொந்தக்காரர் ஒருவர், “மைனா ரெண்டு இருக்குதுங்களே, ஆளுக்கொண்ணா எடுத்துக்குங்க” என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, இவர்கள் சரியென்று தலையாட்டிவிட்டார்கள்.

சிவகாசிக்காரர்கள் படத்தை நடுவில் வெட்டி இரண்டாக அச்சடித்து அனுப்பினார்கள். சோளக்கதிரும் பாதியானது. தம்பிக்கு வந்த மைனாவின் வாயில் கதிர்ப்பக்கம் இருந்தது. பார்த்தால் பல் விளக்குவது போலவே இருக்கும். அண்ணனுடைய மைனாவுக்குத் தண்டுள்ள தட்டைப்பக்கம் போனது. அது பீடி குடிக்கிறது என்று செக்கிங் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அதிக நாள் நிலைக்கவில்லை. எங்கள் சரக்கை எடுக்கும் மதுரை ஏஜென்ட் பாய் மூட்டையோடு திரும்பி வந்தார். “என்னம்மா செய்யச் சொல்றீங்க? ரெண்டுமே டூப்ளிகேட்டுன்னு கடைக்காரய்ங்க திருப்பி விட்டாய்ங்க” என்று தம்பியின் மனைவியிடம், எங்கள் சின்ன முதலாளியம்மாவிடம் சொன்னார்.

அண்ணன் ஒரு வழி சொல்லி அனுப்பினார். பாதி மைனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மார்க் முழுசாகும். தம்பி அவருக்குக் கூலிக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வந்து பதில் கேட்பதாகச் சொன்னார். சின்ன முதலாளிக்குச் சம்மதம்தான். நல்ல மனிதர், சண்டை என்றால் ஒதுங்கிப் போகிறவர். சின்ன முதலாளியம்மாதான் மறுத்தார். “மைனாவ அவிகளே வெச்சுக்கட்டுமுங்க. நாம தைக்கறதுல நம்ம மார்க் இருக்கோணும்” என்றார். ஒரு வார்த்தை அதிகம் பேசாதவர் அன்று குரலை உயர்த்தியதைப் பார்த்து நாங்கள் மெஷினை நிறுத்திவிட்டோம்.

சிவகாசியிலிருந்து வந்த மாதிரிப் படப் புத்தகத்தில் சிங்கம், ராக்கெட், பூமி உருண்டை என்று எல்லாம் இருந்தன. முதலாளியம்மா எதையும் எடுக்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போய் ஒரு ஜவுளிக்கடை எதிரில் நின்றார். “கண்ணு, இங்கிருந்து எந்தப் பொட்டியில என்ன படம்னு சொல்லு” என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். படமெல்லாம் மூடியில் இருந்தது. கடை முழுக்க வெள்ளை விளிம்புதான் தெரிந்தது. இத்தனை வருஷம் ஒட்டியும் எனக்கு அது உறைத்ததில்லை.

திரும்பி வந்ததும் கட்டிங் மேஜைக்கு அடியில் குனிந்தார். பனியனுக்குக் கழுத்து வெட்டும்போது அரை வட்டமாக ஒரு துண்டு விழும், கிண்ணத்தைப் பக்கவாட்டில் பார்ப்பது போல. அதை எடுத்துச் சிவப்புத் தாளில் வைத்து வெட்டினார். பெட்டியின் விளிம்பில் ஒட்டினார். சின்ன முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

“கட்டிங் வேஸ்ட்டப் போயி மார்க்குங்கறயே, ஊரே சிரிக்கும்.”

“பல்லு வெளக்கற மைனாவுக்குச் சிரிச்சவிகதானுங்க. இன்னொருக்காச் சிரிக்கட்டும்.”

பின்னாளில் ஏற்றுமதி பெருகியது. ஊரெல்லாம் வெளிநாட்டுப் பெயர்களைத் தைத்துக் கொடுத்தது, நாங்களும் தைத்தோம். ஆனால் உள்ளூர்ச் சரக்கில் அந்த அரை வட்டம் இருந்தது. பெட்டியிலிருந்து அது நகத்தளவு கழுத்து லேபிளுக்குப் போனபோதும் கலங்கவில்லை, கறுப்பு வெள்ளை விளம்பரத்திலும் குழம்பவில்லை. மலையும் வானமும் வைத்திருந்த பல மார்க்குகள் லேபிளில் வெறும் கறையாகத் தெரிந்தன. மகளின் பாடத்தில் இதற்கெல்லாம் பெரிய பெரிய சொற்கள் இருக்கின்றன. எங்கள் அம்மாவுக்கு அந்தச் சொற்கள் தெரியாது, ஆனால் காரியம் தெரியும். இதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமெல்லாம் எங்கோ போய்விடுகிறது.

அதெல்லாம் பிறகு. பதில் கேட்பதாகச் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். கணக்கை முடித்துக்கொண்டு போக பாயும் வந்திருந்தார். பேக்கிங் அறை அலமாரியில் பல கம்பெனிப் பெட்டிகளைக் கடை மாதிரியே அடுக்கச் சொல்லியிருந்தார் அம்மா. அண்ணனுடையதும் அதில் இருந்தது. அண்ணன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “என்ன அம்மிணி, கழுத்தறுத்த துண்டையெல்லாம் பொட்டியில ஒட்டியிருக்கறே?” என்றார்.

அம்மா வாசல் பக்கம் திரும்பினார். “பாய், உள்ள வராதீங்க. வாசல்லயே நின்னு பாருங்க. எது கண்ணுல படுது?” என்று கேட்டார்.

பாய் கண்ணாடியைச் சட்டைப்பையில் தேடினார். எடுக்கவில்லை. “அந்தச் செவப்புத்தேன். வேற என்னத்தம்மா தெரியுது?” என்றார். கணக்கு நோட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “இதப் போட்டுக் குடுங்க. திருப்பி அனுப்பினாய்ங்கன்னா நான் வந்து பேசுறேன்.”

அண்ணன் அலமாரியில் தன் பெட்டி எது என்று தேடினார். நாலைந்தை உருவி மூடியைப் பார்த்த பிறகுதான் மைனா கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, “சரி அம்மிணி. ஜாப் ஒர்க்குக்கு நான் வேற எடம் பாத்துக்கறேன்” என்றார்.

“காப்பி குடிச்சுட்டுப் போங்க மாமா” என்றார் அம்மா.

மறுநாள் திங்கட்கிழமை. பாய்க்கு அனுப்பும் சரக்குக்கு மார்க் அச்சடிக்க நேரம் இல்லாததால், செக்கிங் பெண்களையும் உட்கார வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை சிவப்புத் தாள் வெட்டினோம்.