கோலியாத்துக்கு ஒரு வீடு

ரோஸ்மேரி அக்கா இருந்த அறையில் இப்போது பீகார் பையன்கள் குடியிருக்கிறார்கள். நல்ல பையன்கள்தான். காலையில் தண்ணீர் பிடிக்கும்போது என் குடத்தையும் தூக்கிக்கொண்டு வந்து வைக்கிறார்கள். ஆனாலும் பக்கத்து அறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் இன்னமும் நான் எட்டிப் பார்த்துவிடுகிறேன். "ஏட்டி ஜெயபாரதி, டீ போட்டியா?" என்று அக்கா கேட்கப் போகிறாள் என்று ஒரு நிமிஷம் தோன்றும். அந்த ஒரு நிமிஷம் நன்றாகத்தான் இருக்கிறது.

திருப்பூர் வீரபாண்டியில் இந்த லைன் வீட்டில் அவளுக்கும் எனக்கும் நடுவே ஒரே சுவர். வேலையும் அப்போது ஒரே பனியன் கம்பெனியில், ஒரே செக்கிங் டேபிளில். தைத்து வரும் பனியனை டியூப் லைட் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ இருந்தால் அதன்மேல் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். அக்கா கைக்குப் போன பீஸ் லேசில் தப்பாது. டெய்லர்களுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. "உங்கக்கா சொர்க்கத்துக்குப் போனாலும் கதவுல ஸ்டிக்கர ஒட்டிப்போட்டுத்தானுங்க உள்ள போவாங்க" என்று சூப்பர்வைசர் திருமூர்த்தி கேலி செய்வார். அக்கா சிரித்துக்கொண்டே அடுத்த பீஸை எடுப்பாள்.

ஊரெல்லாம் குறை கண்டவள் தன் வீட்டுக்காரரை மட்டும் விட்டுவைத்திருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணம் ஆன கையோடு இங்கே பிழைக்க வந்தவர்கள் அவர்கள். அந்த மனிதர் குடிப்பாராம், குடித்தால் கத்துவாராம், கத்தினால் பாத்திரம் பறக்குமாம். லைனில் பழைய ஆட்கள் சொல்லி நான் கேட்டது. ஒருநாள் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிப் போனவர், போனவர்தான். அவர் எங்கே என்று அக்காவுக்குத் தெரியாது. அக்கா எங்கே என்று அவருக்குத் தெரியும். அதற்காகவே மழைக்கு ஒழுகுகிற அந்த அறையை அவள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். "வந்தா இங்கனதான வருவாரு" என்பாள். தீபாவளிக்குத் திருப்பூரே காலியாகும். நாங்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறுவோம். அக்கா மட்டும் போகமாட்டாள். நல்ல நாளும் அதுவுமாக வந்து பூட்டின கதவைப் பார்த்துவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது என்பாள். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

மூன்று வருஷம் முந்தைய தீபாவளி லீவு முடிந்து தாராபுரத்திலிருந்து நாங்கள் திரும்பிய அன்று, அக்காவின் கட்டில் நடந்தது. பொய் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் முருகவேல் வாசலில் நின்று போனில் யாரையோ பிடித்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா அறைக்குள்ளே இரும்புக் கட்டில் நாலு காலும் தரையை விட்டு எழும்பி, தள்ளாடிக்கொண்டு மூலைக்கு நகர்ந்தது. குனிந்து பார்த்தால் அடியில் ஒரு நாய். சாம்பல் நிறம், கன்றுக்குட்டி உயரம், கழுத்தைச் சுற்றிச் சங்கிலி அறுத்த புண். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அது நடுங்கிய நடுக்கத்தில் கட்டிலே கடகடவென்று ஆடியது.

கிரேட் டேன் ஜாதி என்று ஊசி போட்ட டாக்டர் சொன்னாராம். யாரோ ஆசைக்கு வாங்கி, அலுத்துப் போய், ஊர் காலியான நேரம் பார்த்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கம்பெனிக்குப் பின்னால் கிடந்த வெட்டுத்துணி மூட்டைகளுக்கு நடுவில் அது ஒளிந்திருந்ததை அக்கா பார்த்திருக்கிறாள். பன்னைக் காட்டிக் காட்டி வீட்டுக்குக் கூட்டிவரவே பொழுது சாய்ந்துவிட்டதாம்.

"பைபிள்ல அம்புட்டுப் பெரிய ஆளு கோலியாத்துதான். பேரையாவது கேட்டு இதுக்குத் தைரியம் வரட்டும்" என்று அக்கா அந்தப் பெயரை வைத்தாள். தைரியம் வரவில்லை, பெயர்தான் கோலி என்று சுருங்கிப்போனது. குக்கர் விசில், லாரி ஹாரன் எதற்கும் அது அசையாது. ஓர் ஆண் குரல் உயர்ந்தால் மட்டும் போதும், கட்டிலுக்கு அடியில் போய் நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விடும். அக்கா திட்டாமல் துடைத்து எடுப்பாள். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் போனை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போகப் பழகினார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

வீட்டு ஓனர் ரத்தினசாமி கெட்டவர் இல்லை. ஆனால் லைன் வீட்டில் நாய் கூடாது என்பது அவர் சட்டம். "அம்மிணி, நானும் உசுருன்னுதானுங்க பாக்கறேன். நாளைக்கு ஒரு கொழந்தையக் கடிச்சுப்போட்டா நாந்தானுங்க பதில் சொல்லோணும். மார்கழி பொறக்கறதுக்குள்ள நல்ல எடமாப் பாத்துக் குடுத்துருங்க. இல்லீன்னா நானே ஆள உட்டு ஏத்தி அனுப்பிருவேன்" என்றார்.

அப்படி ஆரம்பித்தவைதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள். என் ஸ்கூட்டியில் நானும் அக்காவும் கோலிக்கு வீடு பார்க்கக் கிளம்புவோம். வழியில் பேக்கரியில் டீ, தேங்காய் பன். பெண்ணுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவர்கள் மாதிரி நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வருவாள் அக்கா. கல்யாணமான பிறகு நான் அவ்வளவு ஊர் சுற்றியதும் சிரித்ததும் அந்தக் கார்த்திகை மாதத்தில்தான். இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

முதலில் வெள்ளகோவில் கிட்டுசாமி தோட்டம். இளநீர் வெட்டிக் கொடுத்து அப்படி மரியாதை செய்தார். "நம்ம நாய் கொலைச்சா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கோணுமுங்க. போன நாய் அப்படித்தான் இருந்துது" என்று பெருமையாகத் தென்னை மரத்தில் கட்டியிருந்த சங்கிலியைக் காட்டினார். அக்கா அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தாள். அவ்வளவுதான், ரிஜெக்ட்.

அடுத்து ஒரு எக்ஸ்போர்ட்காரர் பங்களா. நாய்க்கென்று தனி ஏ.சி. அறை காட்டினார்கள். அதைப் பார்த்து நானே அங்கே குடிபோய்விடலாமா என்று யோசித்தேன். நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதே வெளியே டிரைவரை முதலாளி ஒரு பிடி பிடித்தார். அக்கா கையிலிருந்த காபி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். "இந்த வீட்ல சத்தம் கூடுதல்" என்றாள் வாசலைத் தாண்டியதும்.

கடைசியாக எங்கள் ஊர் மயில்சாமி வாத்தியார். நானே தேடிப் பிடித்த இடம். மகள் வெளிநாட்டில், வீட்டில் அவரும் சம்சாரமும் மட்டும். சுற்றுச்சுவர் உண்டு, சங்கிலி கிடையாது. பேசினால் பக்கத்தில் இருக்கிறவருக்கே கேட்காது, அவ்வளவு சாது. அக்கா கொல்லை, தண்ணீர்த் தொட்டி, படுக்கிற இடம் எல்லாம் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. திரும்பி வரும்போது டீக்கடையில் வண்டியை நிறுத்தினால், "அந்தப் பெரியவரு இருமுதாரு பாத்தியா" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "ஏனுங்க்கா, இருமறது ஒரு குத்தமுங்களா?"

"குத்தமில்லட்டி. கோலி பயப்படும்லா."

"நெசத்தச் சொல்லட்டுங்களா? உங்களுக்குக் குடுக்கறதுக்கே மனசில்லீங்க்கா. பேசாம அதையும் கூட்டிக்கிட்டு நீங்களே வேற ஊடு பாத்துப் போயிருங்க!"

அக்கா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். ஆறிப்போன பிறகும் ஆற்றினாள். பிறகு, "அவரு வந்தா?" என்றாள்.

நான் டீக்குக் காசு கொடுக்க எழுந்துவிட்டேன். அந்த ஆள்மேல் எனக்கிருந்த ஆத்திரத்துக்கு ஏதாவது சொல்லியிருந்தால் தப்பாகப் போயிருக்கும்.

மார்கழி நெருங்கிவிட்டது. ஒரு சாயங்காலம் ரத்தினசாமி தெரிந்த ஆட்கள் இரண்டு பேரை வண்டியோடு கூட்டிவந்துவிட்டார். கிட்டுசாமியிடம் அவரே பேசி முடித்திருந்தார். கோலி கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது. வந்தவர்களில் ஒருவன் குச்சியால் தரையில் தட்டி, "ஏய், வெளிய வா!" என்று ஒரு அதட்டல் போட்டான். கட்டில் எழும்பியது. தரை நனைந்தது. நான் நாயைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தேன். சுவரோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டு நின்றாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. அவளாகவே அப்படி நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் கைகளைக் கீழே இறக்கினாள். அந்தக் கைகளையே ஏதோ புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"சத்தம் போடாதீய" என்றாள் அந்த ஆளிடம். பிறகு ஓனர் பக்கம் திரும்பி, "அண்ணே, இது எங்கயும் போகாது. நான் வீட்டக் காலி பண்ணிக்கிடுதேன்" என்றாள்.

ரத்தினசாமி பதறிவிட்டார். "நாயத்தானுங்க அனுப்பச் சொன்னேன், உங்களையுங்களா சொன்னேன்? அதுவும் மார்கழில ஆருங்க ஊடு மாறுவாங்க?"

"மார்கழி உங்களுக்குத்தாண்ணே. எனக்குக் கிறிஸ்துமஸ் மாசம்."

மார்கழியில் யாரும் குடிவரமாட்டார்கள் என்பதால் வீடு சீக்கிரமே கிடைத்தது. வேறு ஊரில், தறி ஓடாமல் கிடக்கும் ஒரு கொட்டகையை ஒட்டி இரண்டு அறை, சுற்றிலும் சுவர், முன்னால் ஒரு வேப்பமரம். வீட்டு ஓனரம்மா தனியாள். அக்காவோடு நானும் போய்ப் பார்த்தேன். கோலி அங்கே வாசல் நடுவில், பட்டப்பகலில், நாலு காலையும் நீட்டிப் படுத்தது. அதை அப்படி நான் பார்த்ததே இல்லை. அக்கா சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை, மூலையை எட்டிப் பார்க்கவில்லை. "இது போதும்" என்றாள்.

குட்டியானை வண்டியில் கட்டிலும் பாத்திரமும் ஏற்றி, அதற்கு நடுவில் கோலியை ஏற்றினோம். ரத்தினசாமியே வந்து கயிறு கட்டிக் கொடுத்தார். அக்கா பின்னாலேயே ஏறி அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அழுகையாக வந்தது. அதை மறைக்க எதையாவது பேச வேண்டும் என்று, கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க்கா, அவரு வந்து கேட்டா நான் என்னன்னு சொல்றதுங்க?"

"காலி பண்ணிட்டுப் போயிட்டான்னு சொல்லு."

"எந்த ஊருன்னு கேட்டா?"

அக்கா கோலியின் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டான்.

"தெரியாதுன்னு சொல்லிரு. அவரு சத்தம் போட்டா நாங்க ரெண்டு பேரும் பயப்படுவோம்லா."