நான் டாக்டர் இல்லை, ஆன்டி!

மலேசியாவின் கிள்ளானில் ஒரு கிளினிக்கில் பல் டாக்டரின் மேற்பார்வையில் பிள்ளைகளின் பற்களைச் சுத்தம் செய்வது என் வேலை. அம்மாவோ எல்லாரிடமும், "என் மகள் பல் டாக்டர்" என்பார். இல்லையென்று சொல்லிச் சொல்லி அலுத்து, நானும் விட்டுவிட்டேன்.

போன மாதம் பக்கத்து வீட்டு ஆன்டி வீங்கிய கன்னத்தோடு வந்தார்.

"இந்தப் பல்லைப் பிடுங்கிடும்மா."

"நான் டாக்டர் இல்லை, ஆன்டி. நான் பிடுங்கினா சட்டப்படி குற்றம்."

"என்னம்மா இது? நீ பார்ப்பேன்னு உங்கம்மா சொன்னதாலதானே ஒரு வாரமா எங்கேயும் போகல!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரால் வாயைக்கூடச் சரியாகத் திறக்க முடியவில்லை. உடனே காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சீழ் தொண்டைப் பக்கம் இறங்கியிருந்ததாம். நல்லவேளை, பிழைத்தார்.

இப்போது யார் என்னை டாக்டர் என்றாலும் அந்த இடத்திலேயே மறுத்துவிடுகிறேன். அம்மா மட்டும், "டாக்டர் மாதிரிதான் லா" என்கிறார். அதையும் விடாமல் திருத்துகிறேன்.