நடுக்கோடு இன்னும் வெள்ளை

அன்றைய நாட்குறிப்பின் முதல் வரி: "காலையில் உட்காரவில்லை." மூன்று வருடமாக, வண்ணத்தைத் தொடும் முன் இருபது நிமிடம் தியானத்தில் உட்காருகிறேன். அன்று நான் வரைந்த படத்தைக் கண்காட்சிக்கு எடுத்துப்போக மூன்று மணிக்கு வேன் வருவதாக இருந்தது. அந்த இருபது நிமிடத்தை மிச்சம்பிடித்தேன்.

நீலம் பூசிய துணியில் ரப்பர் பாலால் கோடுகள் ஊற்றுவேன். கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் என் கணவர் கொண்டுவரும் பால் அது. வெள்ளைப் பால் காய்ந்து கண்ணாடிபோல் ஆனதும் மேலே நீர்த்த கறுப்பு வண்ணத்தைப் பூசி, ரப்பரை உரித்தால் அடியிலிருந்து நீலக்கோடு வரும். அன்று அவசரத்தில் நடுக்கோட்டைத் தடிமனாக ஊற்றிவிட்டேன். மழை ஈரம் வேறு. மேலே தோல் கட்டியதைக் காய்ந்ததாக எண்ணிக் கறுப்பைப் பூசினேன். இரண்டரைக்கு மற்ற கோடுகள் உரிந்தன. நடுக்கோடு உள்ளே வெள்ளையாகவே கிடந்தது.

கணவர் குனிந்து பார்த்தார். "பச்சப்பாலுல்லா கெடக்கு. இழுத்தா படம் போச்சு."

அதன் முன் உட்கார்ந்தேன். கண்ணை மூடவில்லை. மூன்று மணிக்கு வேன் ஹாரன் கேட்டது. விரல்கள் கோட்டின் நுனியை நோக்கிப் போயின. போவதைப் பார்த்தேன், மடியில் திரும்ப வைத்தேன். மூச்சை எண்ணினேன். ஏழில் விட்டுப்போயிற்று. மறுபடி ஒன்று.

"யக்கா, ஏத்தலாமா?" டிரைவர் வாசலில் நின்றார். "மார்த்தாண்டத்துல இன்னும் ரெண்டு படம் எடுக்கணும். ரோட்டு பிளாக்குல மாட்டுனா அம்போதான்."

"பாலு ஒணங்கல்ல," என்றார் கணவர்.

"அக்கா என்ன, சாமி கும்பிடுதாவளா?"

"இல்ல மக்கா. பாலுக்குக் காவலு."

மூன்று இருபதுக்கு டிரைவர் மறுபடி கேட்டார். "இப்பிடியே கொண்டுபோவோமா?"

வண்டி குலுங்கினால் தோல் கிழிந்து பால் வழியும். "நீங்க போங்க," என்றேன். கண்காட்சியில் இரண்டு வருடம் கேட்டுக் கிடைத்த இடம். வேன் தெருமுனை திரும்பியதும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

ஐந்து நாற்பதுக்கு நடுக்கோடு கண்ணாடியானது. ஒரே இழுப்பில் வந்தது. நீலம் சுத்தமாக இருந்தது.

கணவர் உரித்த ரப்பரை உருட்டி காய்ந்த ரப்பர் துண்டுகள் சேர்க்கும் ஒட்டுப்பால் சாக்கில் போட்டார். "நாளைக்குப் பஸ்ஸுல கொண்டுபோலாம், என்னட்டி?"

"இன்னைக்கே அங்க செவரு நெறஞ்சிரும், நாளைக்கு எடமிருக்காது."

நான் நாட்குறிப்பில் நேரங்களை எழுதிவைத்தேன். அந்தப் படம் இப்போதும் எங்கள் முன்னறையில்தான் இருக்கிறது. உட்காராத நாளில் பால் டப்பாவை நான் திறப்பதில்லை.