ஒரு வரியில் மீட்பு

எங்கள் பத்திரிகை ஆபீசில் அவருக்கு மணிக்காரர் என்றுதான் பெயர். வாசகர்களின் போனில் 'டிங்' என்று மணி அடித்து ஒரு வரிச் செய்தி வந்து விழுமே, அதை அனுப்புகிறவர் அவர்தான். தாளைக் காசு கொடுத்து வாங்குகிற ஆட்கள் குறைந்துபோனதும் முதலாளி சொந்தமாக ஒரு ஆப் போட்டார். நம் செய்தியை எவன் தளத்திலோ கொட்டிவிட்டு அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, வாசகர் நேராக நம்மிடமே வர வேண்டும் என்பது அவர் எண்ணம். அப்படி வரவழைக்கிற வேலை மணிக்காரர் தலையில் விழுந்தது.

எவ்வளவு பெரிய செய்தியானாலும் போன் திரையில் ஒரே வரிக்குள் அடங்க வேண்டும். நீண்டால் வால் வெட்டுப்பட்டு மூன்று புள்ளியாகிவிடும். நிருபர்கள் முழ நீளத்துக்கு எழுதி அனுப்புவதை இவர் உரித்து உரித்து ஒரு வரியாக்குவார். அதோடு, விபத்துச் செய்தி என்றால் ஒரு கேள்வி கேட்டு எல்லோர் உயிரையும் வாங்குவார்: "மீட்டாச்சுன்னா, உயிரோடவா?" 'மீட்பு' பொல்லாத சொல். நம் பத்திரிகைகளில் ஆளையும் மீட்பார்கள், உடலையும் மீட்பார்கள்.

வீட்டார் போனில் எல்லாம் ஆப்பை ஏற்ற வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தபோது மற்றவர்கள் நைசாக நழுவினோம். இவர் மட்டும் தங்கை வீட்டுக்குப் போய், அவள் போனை வாங்கித் தானே ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். தங்கை, அவள் கணவர், இரண்டு பிள்ளைகள், இவ்வளவுதான் அவர் உலகம்.

தங்கை கணவர் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர். ஒருநாள் காலை அந்தக் கிடங்கு இடிந்து விழுந்தது. உள்ளே எட்டுப் பேர், அவரும் ஒருவர்.

"நீங்க கிளம்புங்க, வேற ஆளு பாத்துக்கட்டும்" என்றார் எடிட்டர்.

"அங்க யாரையும் கிட்ட விடலையாம் சார். தகவல் முதல்ல இங்கதான் வரும். அவளும் போனத்தான் பாத்துட்டு உக்காந்திருப்பா."

நாற்காலியை விட்டு அவர் எழவே இல்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மத்தியானம் நிருபர் கூப்பிட்டார். பின்னால் ஒரே இரைச்சல். "சார், எட்டுப் பேரையும் மீட்டாச்சு!" என்று கத்தியது பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கே கேட்டது. மணிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மறந்துவிட்டார் என்று ஆபீசில் பேசிக்கொள்கிறார்கள். மறதியாவது மண்ணாவது! கேட்கப் பயந்தார், அவ்வளவுதான்.

'கிடங்கில் சிக்கிய எட்டுப் பேரும் மீட்பு.' கச்சிதமான ஒரு வரி. தட்டினார். எங்கள் போன்கள் எல்லாம் ஒன்றாக அடித்தன. அவர் மேஜைமேல் தலையைச் சாய்த்து விசும்பி அழுதார். ஒரு டீ சொல்லி அனுப்பினேன்.

டீக்கு முன்னால் படம் வந்துவிட்டது. வருகிற படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என் வேலை. தரையில் வரிசையாக எட்டு வெள்ளைத் துணி மூட்டை. திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

எடிட்டர் ஓடிவந்தார். "திருத்தம் போடுங்க, உடனே!"

"ஒரு நிமிஷம் சார். தங்கச்சிகிட்ட நான் என் வாயால சொல்லிடறேன்."

கூப்பிட்டார். அவள் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். மறுபடி கூப்பிட்டார், அதே கதை. நல்ல சேதியைச் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள், பாவி மகள். எடிட்டர் கையைப் பிசைந்தார். "இன்னும் ஏழு வீடு இருக்குய்யா. அவங்களும் நம்மள நம்பித்தான் உக்காந்திருக்காங்க." திருத்த வரியை மணிக்காரரே எழுதித் திரையில் வைத்தார்: 'கிடங்கில் சிக்கிய எட்டுப் பேரும் பலி.'

கடைசியில் லைன் கிடைத்தது. இவர் வாயைத் திறக்குமுன் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணா! நீ அனுப்பினது வந்ததும் டிவிய அமத்திட்டேன். இனிமே எவன் சொல்லி எனக்கு என்ன தெரியணும்! பசங்கள ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வரச் சொல்லிட்டேன். எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் கேட்டுச் சொல்லு. அவருக்கு மாத்துத் துணி எடுத்து வச்சிருக்கேன்."

"அம்மாடி…" என்றார். அதற்கு மேல் வரவில்லை.

"சொல்லுண்ணா. லைன்ல இருக்கியா?"

போனைக் காதில் வைத்தபடியே, மறு கையால் அந்த வரியைத் தட்டினார். எங்கள் போன்கள் அடித்தன.

"இரு அண்ணா," என்றாள் அவள், "உன்கிட்டேருந்துதான் ஏதோ வந்திருக்கு. பாத்துட்டுப் பேசறேன்."