ஏன் எங்கட வீடு மட்டும்?

லண்டன் விம்பிள்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகம். குளிர் மேலங்கியைக் கழற்றாமலே சின்னம்மா கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தார். அவர் கேட்டதால் நானும் பக்கத்தில் இருந்தேன். ஒரு கூட்டாளியோடு சேர்ந்து போடும் புதுக் கடையின் கடனுக்கு வீட்டை ஈடு வைப்பதென்றால் மனைவியோடு வழக்கறிஞர் தனியாகப் பேச வேண்டும் என்று வங்கி சொல்லிவிட்டதால், சித்தப்பா வெளியே காத்திருந்தார்.

வழக்கறிஞர் இங்கேயே வளர்ந்த தமிழ்ப் பெண். "அன்ரி, புதுக் கடை நட்டப்பட்டு, கடன் கட்ட ஏலாமப் போனா, நீங்கள் இருக்கிற வீட்டை வங்கி எடுக்கலாம். விளங்குதா?"

"என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லும், அது போதும்" என்று வாசலில் வைத்தே சித்தப்பா சொல்லியிருந்தார். சின்னம்மா சொன்னார்: "வீடு போகும் எண்டது விளங்குது பிள்ளை. ரெண்டு பேர் சேர்ந்து போடுற கடைக்கு ஏன் எங்கட வீட்டை மட்டும் வைக்கிறம் எண்டதுதான் விளங்கேல்லை."

அன்று கையெழுத்து விழவில்லை.

சின்னம்மாவும் சித்தப்பாவும் ஜெர்மனியில் இருந்து வந்து மோர்டனில் கடை போட்டவர்கள். நான் அவர்கள் வீட்டில் தங்கிப் படித்தேன். சின்னம்மா காலையில் கடை திறப்பார், மாலையில் சமைப்பார். சம்பளம் என்ற பேச்சே கிடையாது. சொந்தக் கடையில் யார் யாருக்குச் சம்பளம் கொடுப்பது? வழக்கறிஞரிடம் போவதற்குச் சில மாதங்கள் முன்பு நூலகத்தில் பெண்களுக்காகப் பணம், வங்கி, ஓய்வூதியம் பற்றி ஒரு வகுப்பு நடந்தது. பக்கத்து வீட்டுக்காரி துணைக்குக் கூப்பிட்டதால்தான் போனார். இத்தனை காலம் கடையில் உழைத்தும் தன் பெயரில் ஓய்வூதியத்துக்கு எதுவுமே சேரவில்லை என்று அங்கேதான் அறிந்தார். வீட்டுக்கு வந்து அழவில்லை. அடுத்த வகுப்புக்கும் போனார்.

அலுவலகத்தில் இருந்து திரும்பிய பிறகு சித்தப்பா பல நாள் சின்னம்மாவுக்கு முகம் கொடுக்கவில்லை. கூட்டாளியோ தன் வீட்டை வைக்க மறுத்துவிட்டு, வேறொருவரைச் சேர்த்துக் குட்மேய்ஸில் கடையைத் திறந்தார்.

அந்தக் கடை நொடித்துப்போனது என்று எழுதினால் கதை நன்றாக முடியும். ஆனால் அது நன்றாகவே ஓடியது. கொண்டாட்டங்களில் கூட்டாளியின் புதுக் காரைக் காணும்போதெல்லாம் சித்தப்பா குத்திக் காட்டுவார். சின்னம்மா ஒருநாள்தான் பதில் சொன்னார்: "அவர் நல்லா இருக்கட்டும். பயத்தோட என்னால நித்திரை கொள்ள ஏலாது." அதே மூச்சில், அடுத்த மாதத்தில் இருந்து தனக்குச் சம்பளம் வேண்டும், தன் பெயரில் உள்ள கணக்கில் வர வேண்டும் என்றும் கேட்டார். சித்தப்பா சிரித்தார். மறுநாள் காலை சின்னம்மா கடைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. வாரம் முடிவதற்குள் சம்பளம் பேசி முடிந்தது.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கடையின் குத்தகையைப் புதுப்பிக்கும் நேரம். சித்தப்பா பத்திரத்தைக் கொண்டுவந்து சின்னம்மாவின் முன்னால் வைத்தார்.

"இஞ்சாரும், ஒருக்கா வாசியும். கட்டடக்காரர் இண்டைக்கே கேக்கிறார்."

"வைச்சிட்டுப் போங்கோ. நாளைக்குச் சொல்லுறன்."

சித்தப்பா போனை எடுத்துக் கட்டடச் சொந்தக்காரரிடம் சொன்னார்: "அண்ணை, இண்டைக்கு ஏலாது. மனுசி இன்னும் வாசிக்கேல்லை."