புத்தூர் அருவிக்கு நாலு பேர்

சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோளம் எடுத்துக்கொண்டிருந்த ஃப்ளோரன்ஸ், கரும்பலகையில் எத்தனையோ அருவிகளை வரைந்திருக்கிறாள். ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை. பிறந்தது, படித்தது, வேலைக்குச் சேர்ந்தது எல்லாம் மாதா கோயில் மணியோசைக்குள்ளேயே நடந்து முடிந்துவிட்டது. அப்பா போன பிறகு தம்பி ஆம்ப்ரோஸை ஆளாக்கி, சென்ட்ரல் ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் அவன் உட்காருவதற்குள் அவளுக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. இனி கொஞ்சம் மூச்சு விடலாம் என்றிருந்தபோதுதான் இருமல் வந்தது.

தாம்பரம் க்ஷயரோக சானடோரியத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் படுத்துக் கிடந்தாள். உலகச் சண்டை முடிந்த செய்திகூடக் கட்டிலில் படுத்தபடி கேட்டதுதான். பக்கத்துக் கட்டில்காரர்கள் பலர் வீடு திரும்பவில்லை. அவள் திரும்பினாள். “சளியில கிருமி இல்லம்மா. வேலைக்குப் போகலாம். நடங்க, மூச்சு வாங்கினா உட்காருங்க” என்று டாக்டர் சொல்லி அனுப்பிய அன்று, மின்சார ரயிலில் மாம்பலம் வரும்வரை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான்.

பள்ளித் தலைவியான மதர் அவளை மறுபடி சேர்த்துக்கொண்டார். ஆனால் ஆசிரியைகள் அறையில் அவள் நாற்காலி மட்டும் ஜன்னலோரமாகத் தள்ளிப் போடப்பட்டிருந்தது. “உங்களுக்குக் காத்து வேணுமில்ல” என்றார்கள். அவளுக்குப் புரியாமல் இல்லை. போய் உட்கார்ந்தாள். மறுநாளே தமிழ் வாத்தியாரம்மா கோமளம், கட்டுரை நோட்டுகளை இடுப்பில் அணைத்தபடி தன் நாற்காலியைத் தரதரவென்று அங்கே இழுத்து வந்தாள்.

“எனக்கும்தான் புழுங்கறது. கொஞ்சம் நகந்துக்கோடி.”

வடக்கு மாட வீதியில் பெரிய குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் கோமளம். வீட்டில் யாராவது ஏதாவது சொல்வார்களே என்று ஃப்ளோரன்ஸ் பயந்தாள். “எங்காத்துல நான் எங்கே உட்கார்றேன்னு பாக்க யாருக்குப் போது இருக்கு?” என்று சிரித்துவிட்டாள் அவள்.

அருவிப் பேச்சை எடுத்ததும் கோமளம்தான். கிறிஸ்துமஸ் லீவில் ஆசிரியைகள் எல்லாரும் எங்கேயாவது ஒரு நாள் போய் வருவோம், பூகோளக்காரியே இடம் சொல்லட்டும் என்றாள். ஃப்ளோரன்ஸ் தம்பியிடம் விசாரித்தாள். அவன் ரயில் கார்டு ஒருவரைப் பிடித்து எல்லாம் கேட்டு வந்தான். காலை வண்டியில் புத்தூர் போய், ஜட்கா வண்டியில் மலையடிவாரத்தில் இறங்கி, காட்டுக்குள் கொஞ்ச நேரம் நடந்தால் அருவி. சாயங்கால வண்டியில் திரும்பிவிடலாம்.

“ஏத்தம் உண்டுக்கா. ஆனா செங்குத்து இல்லையாம். விறகெடுக்கிற பொம்பளைங்க தினம் போற வழிதான். மழை முடிஞ்ச கையோட போனா தண்ணி நல்லா விழுமாம்.”

அந்த ஏற்றம்தான் ஃப்ளோரன்ஸை உறுத்தியது. அதற்காகவே ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் அவளும் கோமளமும் பரங்கிமலைக்கு ரயிலேறினார்கள். முதல் வாரம் பாதிப் படியிலேயே அவளுக்கு இரைத்தது. கோமளமும் பக்கத்தில் உட்கார்ந்து, “அப்பாடா, நீ உட்காருவியான்னுதான் பாத்துண்டிருந்தேன்” என்று முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். நாலாவது வாரம் இருவரும் உட்காராமலே உச்சிக்குப் போய், மலை மேலிருந்து கிண்டிக் காட்டையும் அதற்கப்பால் கடலையும் பார்த்தார்கள்.

வருவதாகச் சொன்ன ஆசிரியைகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒருத்திக்கு விருந்தாளி, இன்னொருத்திக்குத் தலைவலி. தையல் டீச்சர் கிளாடிஸ், சின்னப் பெண், காரணமே சொல்லாமல் நழுவினாள். கடைசியில் பள்ளி ஆயா தாயம்மாதான் உடைத்துச் சொன்னாள்.

“உங்களாண்ட ஒரே வண்டியில குந்திகினு வர பயமா கீதாம் டீச்சரம்மா. சொல்லக்கூடாதுன்னுதான் பாத்தேன், மனசு கேக்கல.”

அன்று சாயங்காலம் ஃப்ளோரன்ஸ் கோமளத்திடம், “நான் வரல. வழியெல்லாம் சொல்லித் தர்றேன். எல்லாரும் சந்தோஷமா போயிட்டு வாங்க” என்றாள்.

கோமளத்துக்கு வந்ததே கோபம். “நன்னாருக்குடி! பரங்கிமலையில என் முட்டி தேஞ்சது யாருக்காக? அருவி எனக்குத் தனியா எதுக்கு? வரவா வரட்டும். நீ, நான், தாயம்மா. போறும்.”

தாயம்மா குடையோடு தயாராகவே இருந்தாள்.

புறப்பட்ட அன்று சென்ட்ரலில் ஆம்ப்ரோஸ் டிக்கெட்டோடு காத்திருந்தான். கோமளம் புளியோதரைத் தூக்கோடு ஏறிவிட்டாள். அப்போது பிளாட்பாரத்தில் யாரோ ஓடிவந்தார்கள். கிளாடிஸ்.

“நானும் வரலாமா டீச்சர்? டிக்கெட் வாங்கிட்டேன்.”

எத்தனையோ கேட்டிருக்கலாம். ஃப்ளோரன்ஸ் கையை நீட்டி அவளை வண்டிக்குள் ஏற்றிவிட்டாள், அவ்வளவுதான்.

காட்டு வழி கார்டு சொன்னபடியே இருந்தது. கல்லும் வேரும் காலை இடறின. ஓடையை இரண்டு மூன்று இடத்தில் புடவையைத் தூக்கிப்பிடித்துத் தாண்ட வேண்டியிருந்தது. மூச்சு வாங்கிய இடத்தில் ஃப்ளோரன்ஸ் உட்கார்ந்தாள். அவளோடு எல்லாரும் உட்கார்ந்தார்கள். கிளாடிஸ் கேட்காமலே அவள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். இரைச்சல் முதலில் காற்று மாதிரி கேட்டது. வளைவு திரும்பியதும் பாறை மேலிருந்து வெள்ளையாகத் தண்ணீர் இறங்குவது தெரிந்தது. பலகையில் வரைந்தது எதுவும் இப்படி இல்லையே என்று நினைத்தாள் ஃப்ளோரன்ஸ். சாரல் முகத்தில் பட்டது. வாய்விட்டுச் சிரித்தாள்.

கோமளமும் தாயம்மாவும் தண்ணீருக்குள் இறங்கிக் கூச்சல் போட்டார்கள். ஃப்ளோரன்ஸ் மட்டும் பாறையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டாள். கிளாடிஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளும் காலைத் தண்ணீரில் விட்டாள்.

“எங்கம்மா அங்கதான் டீச்சர் இறந்து போனாங்க, தாம்பரத்துல. நான் அப்ப சின்னப் பொண்ணு. குழந்தைங்க வரக்கூடாதுன்னு என்னை உள்ள விடல. உங்களைப் பாத்தாலே அது ஞாபகம் வந்து பயந்துட்டேன்.” பிறகு மெல்லக் கேட்டாள்: “அங்க எப்படி இருக்கும்?”

இந்தக் கேள்வியை அதுவரை யாருமே கேட்டதில்லை. ஃப்ளோரன்ஸ் சொன்னாள். விடிந்ததும் கட்டில்களை வராந்தாவுக்குத் தள்ளுவார்கள். மத்தியானம் பேசக்கூடாது, ஆனால் பக்கத்துக் கட்டில்காரிகள் கண்ணாலேயே கதை பேசுவார்கள். பிள்ளைகளின் படம் எல்லார் தலையணைக்கடியிலும் இருக்கும். நர்ஸ் உட்கார்ந்து தலை பின்னிவிடுவாள். யாராவது அழுதால் அடுத்த கட்டிலிலிருந்து ஒரு கை நீளும்.

“அப்ப அம்மா தனியா இருந்திருக்க மாட்டாங்க?”

“மாட்டாங்கம்மா. என்னை ஒரு நாள்கூட யாரும் தனியா விடல.”

கிளாடிஸ் அவள் தோளில் முகம் புதைத்து அழுதாள். ஃப்ளோரன்ஸ் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்த ஒரு வருஷம் வீணாய்ப் போனது என்றே அதுவரை எண்ணியிருந்தாள். அது இந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

“சாப்பிட வாங்கோ, பசி பிராணன் போறது!” என்று கோமளம் கத்தினாள். நாலு பேரும் ஒரே தூக்கைச் சுற்றி உட்கார்ந்து புளியோதரையைக் காலி செய்தார்கள்.

மறுநாள் காலைப் பூசையில் ஃப்ளோரன்ஸ் வழக்கம்போல முழங்காலிட்டாள். நோய் திரும்பி வரக்கூடாது என்றுதான் தினமும் மன்றாடுவாள். அன்று எதையும் கேட்கத் தோன்றவில்லை. கோமளம், தாயம்மா, ஆம்ப்ரோஸ், கிளாடிஸ், பெயர் தெரியாத அந்தக் கார்டு, வீடு திரும்பாத கட்டில்காரிகள் என்று ஒவ்வொருவராக நினைத்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். பூசை முடிந்து கோயில் காலியாகும்வரை அவளுக்கு ஆட்கள் தீரவில்லை.