சூடு வைக்கவா, ஐஸ் வைக்கவா?

பிசியோதெரபி என்பது, வலியோடு வருகிறவரை வெந்நீராலும் ஐஸாலும் கொஞ்ச நேரம் சமாதானப்படுத்தி, அவர் அசந்த நேரத்தில் அவரை நடக்கவைத்துவிடுகிற தொழில். அல்லிநகரத்தில் பதினாறு வருஷமாக இந்தத் தொழிலைச் செய்துவருகிறேன். முழங்கால் வலிக்காரர்கள் ஏறி வரவேண்டிய கிளினிக்கை முதலில் ஒரு மாடியில் திறந்தேன். நாலே மாதத்தில் புத்தி வந்து கீழே இறங்கிவிட்டேன்.

என்னிடம் இருக்கும் சாமான்கள் கொஞ்சம்தான். ஒத்தடப் பைகள் ஊறிக்கொண்டே இருக்கிற ஒரு வெந்நீர்த் தொட்டி, மெழுகு உருக்குகிற ஒரு பெட்டி, ஒரு ஃபிரிட்ஜ், கரண்ட் வைக்கிற இரண்டு மெஷின்கள். இவற்றையும் என்னையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள செல்வி அக்கா. இடுப்பைப் பிடித்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு வைத்தியம் எதுவும் சொல்லப்போவதில்லை. உங்களைப் போன்றவர்கள் என்னை என்ன பாடு படுத்தினார்கள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

நீலப் பெட்டி

பண்ணைப்புரத்தில் ஒரு டீச்சருக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் ஆகியிருந்தது. வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கவேண்டும். முழங்காலில் வீக்கம் இருந்ததால் ஐஸ் வைக்கவேண்டும். அந்த வாரம் பார்த்து அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் பழுதாகிவிட்டது. அதனால் ஒரு நீலப் பெட்டியில் ஐஸை நிரப்பி, ஸ்கூட்டரின் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு, போடி, தேவாரம் வழியாகப் போய்வந்துகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள், ராசிங்கபுரம் தாண்டி, களையெடுத்துவிட்டு ரோட்டோரம் நின்ற நாலு பெண்கள் கை காட்டி நிறுத்தினார்கள். வைகை டேம் மீனா, கேரளா மீனா என்று அவர்களில் மூத்தவர் கேட்டார். நான் மீன் விற்கிறவள் இல்லை, பிசியோதெரபி டாக்டர், ஒருவர் முழங்காலுக்கு வைப்பதற்காக ஐஸ் கொண்டுபோகிறேன் என்றேன். நாலு பேர் முகத்திலும் நம்பிக்கை இல்லை. சரியென்று வண்டிக்கு ஸ்டாண்டு போட்டு, கயிற்றை அவிழ்த்து, மூடியைத் திறந்து காட்டினேன். மூத்தவர் ஐஸை விலக்கி விலக்கி அடிவரைக்கும் கைவிட்டுத் தேடினார். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“மீனு தீந்துபோச்சுன்னு சொன்னாப் போதும்ல? அதுக்கு எதுக்குத்தா டாக்டருன்னு பொய் சொல்ற?”

சுட்டுவிரல்

போடி பஜாரில் இரும்புக் கடை வைத்திருப்பவர் ஜேக்கப் அண்ணாச்சி. கடை வாசலில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது விரல்கள் மடக்கவும் வரவில்லை, நீட்டவும் வரவில்லை. அவருக்கு மெழுகு வைத்தியம். உருகிய மெழுகில் கையை எட்டுப் பத்துத் தடவை முக்கி எடுத்து, அப்படியே துணி சுற்றி வைத்தால் உள்ளே சூடு இறங்கி விரல்கள் இளகும். அதன் பிறகு பயிற்சி. இதற்கு எதற்கு உங்கள் மெழுகு, சர்ச்சில் எரிந்து மிஞ்சினது கிடக்கிறதே என்று மறுநாள் ஒரு பை நிறைய மெழுகுவர்த்தித் துண்டுகள் கொண்டுவந்துவிட்டார். இது கை தாங்குகிற சூட்டில் உருகுகிற மெழுகு, அது கையைப் பொசுக்கிவிடும் என்று விளக்குவதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. அந்தப் பையை, கரண்ட் போகும்போது ஏற்றிக்கொள்வதற்காக செல்வி அக்கா வாங்கி வைத்துக்கொண்டார்.

அண்ணாச்சியின் வியாபாரமே சுட்டுவிரலில்தான் நடந்துவந்தது. கல்லாவில் உட்கார்ந்தபடியே அந்தப் பைப்பை எடு, இந்த ஆணியை நிறு, நீ ஏன் நிற்கிறாய் என்று கடை முழுவதையும் அந்த ஒரு விரலால் மேய்ப்பார். பத்து நாள் மெழுகுக்குப் பிறகு அந்த விரல் முக்கால்வாசி நீண்டது. சோதித்துப் பார்ப்பதற்காக முதல் வேலையாக அதை என் பக்கம் நீட்டி, ஃபேனில் தூசி இருக்கிறது என்றார். அவர் கை கழுவப் போனதும், தினமும் அவரோடு வந்து மூலையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி என் அருகில் நகர்ந்து வந்தார்.

“இந்த ரெண்டு மாசமா கடையில ஒரு ஆளும் கோவிச்சுக்கிட்டு வேலைய விட்டு நிக்கல டாக்டர். மத்த நாலு விரலையும் முதல்ல பாருங்க. அந்த ஒண்ணுக்கு அவசரம் இல்ல.”

ஒரு பேப்பர் கப்

சின்னமனூர்ப் பக்கத்துக் கபடி டீம் ஒன்றில் முக்கியமான ஆட்டக்காரர் அவர். பெயரைச் சொன்னால் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஆறடி உயரம், கதவளவு தோள். கணுக்கால் பிசகி, டீமே தூக்கிக்கொண்டு வந்தது. வருவதற்கு முன்னால் யாரோ நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேய்த்துவிட்டதில் வீக்கம் இரண்டு மடங்காகியிருந்தது. புது அடிக்குச் சூடு ஆகாது, ரெண்டு மூணு நாளைக்கு ஐஸ்தான் என்று சொல்லி, பேப்பர் கப்பில் உறைய வைத்திருந்த ஐஸை எடுத்து மெதுவாகத் தேய்த்தேன். முதலில் ஜில்லென்று இருக்கும், பிறகு எரியும், பிறகு கடுக்கும், பிறகு மரத்துவிடும் என்று சொல்லிவைத்தேன்.

அவர் எரிகிற கட்டத்தைத் தாண்டவில்லை. செல்வி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டார். ஏழு பேர் சேர்ந்து அமுக்கினாலும் கோட்டைத் தொட்டுவிடுகிறவர் ஒரு பேப்பர் கப்புக்கா இப்படி என்று கேட்டேன். டீம் கேப்டன் வேகமாக எழுந்து ஸ்கிரீனை இழுத்து மூடினார். என்னை வாசல்வரைக்கும் தனியாக அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“இத வெளிய சொல்லிராதீக மேடம். அடுத்த மேட்ச்சுக்கு எதிர் டீம்காரன் ஐஸ் கட்டியோட வந்து நிப்பான்.”

இரண்டு கண்ணாடிக் குழாய்

இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

கம்பத்துக்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர் ராசு ஐயா. அறுபதைத் தாண்டியவர். நாளெல்லாம் பந்தலுக்கு அடியில் அண்ணாந்தபடி நின்று நின்று முழங்கால் தேய்ந்திருந்தது. ஒத்தடப் பை வைத்தால் அப்படியே சொக்கிப்போவார். ஆனால் ஒவ்வொரு தடவையும் சூடு பத்தவில்லை என்பார். பையைச் சுற்றியிருக்கும் துண்டுகளில் இரண்டை உருவச் சொல்வார். ஒருநாள் பாதமும் கடுக்கிறது, அங்கேயும் ஒன்று வையுங்கள் என்றார். அவருக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. எனக்குச் சந்தேகம் வந்தது.

ஒரு குழாயில் வெந்நீர், ஒரு குழாயில் ஐஸ் தண்ணீர். கண்ணை மூடச் சொல்லி உள்ளங்காலில் மாற்றி மாற்றி வைத்தேன். சூடு, ஐஸ், ஐஸ், சூடு என்று அத்தனையையும் சரியாகச் சொன்னார். அப்புறம்தான் கவனித்தேன், ஒரு கண் அரைவாசி திறந்திருந்தது. எந்தக் குழாயில் ஆவி பறக்கிறது என்று பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு துண்டைப் போட்டு மறுபடி வைத்தேன். ஐஸைச் சூடு என்றார். வெந்நீர்க் குழாய் காலில் இருக்கும்போதே, இன்னும் வைக்கலையா என்று கேட்டார்.

வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். உங்களுக்குப் பாதத்தில் சென்சேஷன் இல்லை ஐயா, அங்கே சூடு வைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். அவர் தலையாட்டினார். புரிந்துகொண்டார் என்று நினைத்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்து அவர் மனைவி பேச்சியம்மாள் போன் செய்தார். வீட்டில் செங்கல்லை அடுப்பில் சுட்டு, துணி சுற்றி, அதன்மேல் பாதத்தை வைத்தபடி மத்தியானம் தூங்கியிருக்கிறார் ராசு ஐயா. உள்ளங்கால் வெந்துவிட்டது. அவருக்கு எதுவும் தெரியவில்லை. எழுந்து நடந்த தடத்தில் தரையெல்லாம் ஈரமாக இருந்ததைப் பார்த்துப் பேச்சியம்மாள்தான் கண்டுபிடித்திருக்கிறார். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். அங்கே சர்ஜன் பார்த்துவிட்டு, ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம், ரெண்டு விரலை எடுக்கவேண்டி வந்தாலும் வரும் என்று சொல்லிவிட்டார்.

பார்க்கப் போனேன். வராந்தாவில் பேச்சியம்மாள் கோபம் இல்லாமல்தான் பேசினார். அன்று கிளினிக்கிலிருந்து வந்ததும், அந்தம்மாவிடம் சென்சேஷன் இல்லையாம், அந்த மெஷின் வந்த பிறகுதான் பாதத்துக்கு வைப்பார்களாம் என்று அவர் சொன்னாராம். அது வருகிறவரைக்கும் சும்மா இருப்பானேன் என்றுதான் செங்கல். சென்சேஷன் என்றால் தொடு உணர்ச்சி, ஒரே ஒரு வார்த்தை. அதைத் தமிழில் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்த வாரம் முழுக்கத் தினமும் சாயங்காலம் போன் செய்து, விரல் என்ன நிறத்தில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

விரல்கள் தப்பித்தன. புண் ஆற மூணு மாதம் ஆனது. அதற்குப் பிறகு நான் சொன்னதை அவரவர் வாயால் திருப்பிச் சொல்லவைக்காமல் யாரையும் வெளியே அனுப்புவதில்லை. ராசு ஐயா மெத்தென்ற செருப்புப் போட்டுக்கொண்டு மறுபடி வந்தபோது, தப்பு என்னுடையது, புரிகிற மாதிரி நான் சொல்லியிருக்கவேண்டும் என்றேன். அவர் சொல்பேச்சுக் கேட்காத வேலையாளைப் பார்ப்பதுபோலத் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கண்ணத் தொறந்து பாத்தது மட்டுந்தாம்மா நான் பண்ணுன தப்பு. சூடு பத்தலன்னு பொய் சொன்னது என் காலு.”

வரிசையில்

ஒரு சனிக்கிழமை குச்சனூர் கோயில் வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற அம்மாவுக்கு என் தொழில் தெரிந்துவிட்டது. புடவையைக் கணுக்கால்வரை தூக்கி, இதுக்குச் சூடா, ஐஸா என்றார். சொன்னேன். அவருக்கு முன்னால் நின்றவருக்குக் கழுத்து. அதற்கும் சொன்னேன். சன்னதியை நெருங்குவதற்குள் ஆறு முழங்கால், இரண்டு தோள், ஒரு கழுத்து, ஒரு குதிகால் பார்த்து முடித்திருந்தேன். ஒருவழியாகச் சாமிக்கு முன்னால் வந்து கண்ணை மூடிக் கும்பிட்டேன். திருநீற்றைக் கையில் போட்ட அர்ச்சகர் என் பக்கம் லேசாகக் குனிந்தார்.

“எனக்கு இடுப்புதாம்மா. நாள் பூரா எள்ளு தீபத்துக்கிட்டயே நிக்கிறேனே, அந்தச் சூடு எந்தக் கணக்குல வரும்?”

என் முறை

போன மாதம் தொட்டியிலிருந்து ஒத்தடப் பையைத் தூக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. செல்வி அக்காதான் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் மேஜைமேல் குப்புறப் படுக்கவைத்தார். பத்து வருஷமாக நான் சொல்வதைக் கேட்டுக்கேட்டு அவருக்கு எல்லாம் மனப்பாடம். சூடு தாங்காவிட்டால் உடனே சொல்லவேண்டும், எரிந்தால் சொல்லவேண்டும், பொறுத்துக்கொண்டால் சீக்கிரம் குணமாகும் என்று நினைக்கக்கூடாது என்று ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டுப் பையை வைத்தார். பதற்றத்தில் துண்டு ஒரு சுற்றுக் குறைந்துவிட்டது.

மூணாவது நிமிஷமே எனக்கு எரிந்தது. ஸ்கிரீனுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவருக்குக் காலையில்தான் இதையே அரைமணி நேரம் பாடம் எடுத்திருந்தேன். கத்தினால் மரியாதை என்ன ஆவது. அக்காவும் வருத்தப்படுவார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அக்கா நடுவில் தானாகவே வந்து பையைத் தூக்கிப் பார்த்தார். இடுப்பு செக்கச்செவேலென்று சிவந்திருந்தது. நல்லவேளை, கொப்புளம் இல்லை. குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்துப் போட்டார். ஸ்கிரீனுக்கு அந்தப் பக்கமும் கேட்கிற மாதிரிதான் சொன்னார்:

“ஊருக்கெல்லாம் வாயத் தொறந்து சொல்லுங்கன்னு சொல்லிக் குடுக்கிறீகளே, அந்த வாய எங்கன வச்சிட்டு வந்தீக?”

எங்கே சூடு, எங்கே ஐஸ் என்பதைக் காலேஜில் நாலரை வருஷத்தில் படித்து முடித்துவிட்டேன்; எங்கே வலிக்கிறது என்பதை ஒரு மனுஷர் வாயிலிருந்து உள்ளபடி வரவழைப்பதற்குத்தான், என் வாயையும் சேர்த்து, மிச்ச ஆயுசு போய்க்கொண்டிருக்கிறது.